கடலூரில் புதிய விளையாட்டரங்கத்துக்கு இடம் கேட்பது எப்படி

"எங்கள் ஊருக்கு விளையாட்டரங்கம் வேண்டும்" என்று எழுதப்படும் மனுக்களில் பலவற்றுக்கு ஒரே குறை உண்டு. அவற்றில் ஆதங்கம் இருக்கும், கையெழுத்துகள் இருக்கும், நிலத்தை அடையாளம் காட்டும் புல எண் (சர்வே எண்) மட்டும் இருக்காது. நிதி ஒதுக்கும் துறை நிலம் உறுதியாகட்டும் என்று காத்திருக்கும். நிலத்தைக் கையில் வைத்திருக்கும் துறை, கேட்கும் துறையிடமிருந்து முறையான கடிதம் வரட்டும் என்று காத்திருக்கும். கோப்பு இரண்டுக்கும் நடுவில் கிடக்கும். ஆகவே விளையாட்டுச் சங்கமோ, குடியிருப்போர் நலச் சங்கமோ, பெற்றோர் குழுவோ, யார் இந்தப் பணியை எடுத்தாலும், இன்ன இடத்தில் அரங்கம் அமைய முடியும் என்று காட்டுவதே முதல் வேலை. அதைச் செய்யும் முறையைக் கடலூரின் மண்ணையும் ஆறுகளையும் மனத்தில் கொண்டு இங்கே எழுதுகிறேன். எல்லை தாண்டிப் புதுச்சேரியில் இருப்பவர்களுக்கு அலுவலகங்களின் பெயர்களும் விதிகளும் மாறும். நிலத்தைச் சோதிக்கும் முறை மாறாது.

தேவையைக் கணக்காகக் காட்டுங்கள்

மஞ்சக்குப்பத்தில் அண்ணா விளையாட்டரங்கம் இருக்கும்போது இன்னொன்று எதற்கு என்பதுதான் உங்களிடம் கேட்கப்படும் முதல் கேள்வி. மக்கள்தொகை பெருகிவிட்டது என்று பதில் சொன்னால் போதாது. 2011 கணக்கெடுப்பில் கடலூர் நகரின் மக்கள்தொகை 1,73,636. மாவட்டத்தின் மக்கள்தொகை 26 லட்சத்துக்கு மேல். 2021-இல் நகராட்சி மாநகராட்சியானது. இவையெல்லாம் முன்னுரைக்கு உதவும், அவ்வளவுதான். முடிவெடுப்பவரை யோசிக்க வைப்பது இப்போதைய மைதானத்தின் நெரிசலைக் காட்டும் கணக்கு.

வார நாட்களில் சிலவற்றையும் சனி, ஞாயிறுகளில் சிலவற்றையும் தேர்ந்தெடுத்து, காலை 5 முதல் 8 மணி வரையும் மாலை 4 முதல் 7 மணி வரையும் அரைமணிக்கு ஒருமுறை மைதானத்தில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று எண்ணி எழுதுங்கள். நடப்பவர்கள், ஓடுபவர்கள், குழு ஆட்டக்காரர்கள், பயிற்சியாளரோடு வரும் சிறுவர்கள் என்று பிரித்து எழுத வேண்டும். பெண்களைத் தனியாக எண்ண வேண்டும். ஒரு மைதானத்தில் இடம் நெருக்கடியாகும்போது முதலில் விலகிக்கொள்பவர்கள் பெண் பிள்ளைகள்தான் என்பதால், அவர்களின் எண்ணிக்கை மற்ற எந்த வாதத்தையும்விடத் தெளிவாகப் பேசும். குடியரசு நாள், சுதந்திர நாள் அணிவகுப்பு, அவற்றுக்கான ஒத்திகை, அரசு நிகழ்ச்சிகள் ஆகியவற்றுக்காகப் பயிற்சி நின்ற நாட்களையும், வடகிழக்குப் பருவமழையில் தண்ணீர் தேங்கி நின்ற நாட்களையும் தேதியோடு குறித்து வையுங்கள். எண்ணிக்கையை ஏற்றிச் சொல்ல வேண்டாம். அதிகாரி ஒருவர் ஒரே ஒரு மாலை வந்து பார்த்தால் போதும், ஏற்றிச் சொன்ன கணக்கு மனுவின் மற்றப் பக்கங்களையும் சேர்த்துக் கெடுத்துவிடும்.

பலர் விட்டுவிடும் ஒரு கூட்டம் உண்டு. சீருடைப் பணியாளர் தேர்வுக்குத் தயாராகும் இளைஞர்கள் இருட்டோடு எழுந்து நெடுஞ்சாலை ஓரத்திலும் தேவனாம்பட்டினம் வெள்ளிக் கடற்கரை மணலிலும் ஓடிக்கொண்டிருக்கிறார்கள். இரண்டாம் நிலைக் காவலர் தேர்வில் ஆண்கள் 1,500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓடி முடிக்க வேண்டும். அளவிடப்பட்ட ஓடுபாதை இல்லாதவர்கள் தங்கள் வேகத்தைத் தாங்களே அறிய வழியில்லை. பதக்கக் கனவைப் பற்றிய வாசகங்களைக் கேட்டுப் பழகிய அதிகாரிக்கும், அரசு வேலைக்கு ஓடும் பிள்ளைகளின் பட்டியல் புதிதாக இருக்கும். அந்தப் பயிற்சி மையங்களிடமிருந்து கடிதம் வாங்கிச் சேருங்கள். சொந்த மைதானம் இல்லாத பள்ளிகளின் பட்டியலை முதன்மைக் கல்வி அலுவலகத்தில் கேட்டுப் பெறலாம். குறுவட்டப் போட்டிகளை எங்கே நடத்தினார்கள் என்று உடற்கல்வி ஆசிரியர்களைக் கேட்டாலே மீதி விவரம் தானாக வரும்.

நெய்வேலியில் பாரதி விளையாட்டரங்கம் இருக்கிறது, புதுச்சேரி உப்பளத்தில் இந்திரா காந்தி விளையாட்டரங்கம் இருக்கிறது, அங்கே போகலாமே என்றும் சொல்வார்கள். முதலாவது பொதுத்துறை நிறுவனத்தின் நகரியத்தில் உள்ளது. இரண்டாவது வேறோர் அரசின் ஆளுகையில் உள்ளது. ஒரு நாள் போட்டிக்குப் போகலாம்; பள்ளி விட்டு வரும் பிள்ளை தினமும் போக முடியாது. இதற்கு ஒரு பத்தி போதும்.

எத்தனை ஏக்கர், எந்த வடிவம்

"பெரிய இடம்" என்று எழுதுவது எதையும் சொல்லாது. எட்டுத் தடங்கள் கொண்ட 400 மீட்டர் ஓடுபாதையின் முறையான அளவு, வெளி விளிம்புக்கு வெளி விளிம்பு, ஏறத்தாழ 177 மீட்டர் நீளமும் 93 மீட்டர் அகலமும் ஆகும். அதாவது ஓடுபாதை மட்டுமே 4 ஏக்கர். சுற்றிலும் வடிகாலும் நடக்கும் வழியும் விட்டு 190-க்கு 110 மீட்டர் என்று கொண்டால் 5 ஏக்கரைத் தாண்டும். அதன் நடுவே 105-க்கு 68 மீட்டர் கால்பந்துத் திடல் அடங்கிவிடும். ஹாக்கிக்குத் தனித் திடல் வேண்டும் என்றால் 91.4-க்கு 55 மீட்டரும் அதைச் சுற்றிய வெளியும் தேவை. கபடி, கைப்பந்து, கூடைப்பந்து ஆகியவை சில சென்ட்டுகளில் முடியும்; மாவட்டத்தில் ஆர்வம் மிகுந்த ஆட்டங்களுக்கு இவ்வளவு குறைந்த இடம் போதும் என்பது நல்ல செய்தி. பார்வையாளர் மாடம், உடை மாற்றும் அறை, வண்டி நிறுத்தம், குடிநீர்த் தொட்டி எல்லாம் சேர்ந்தால் 10 ஏக்கருக்குக் குறையாத நிலத்தைத் தேடுவது நல்லது.

கிரிக்கெட்டைப் பற்றி ஒரு வார்த்தை. எல்லைக்கோடு ஆடுகளத்தின் நடுவிலிருந்து 60 முதல் 80 மீட்டர் வரை தள்ளி இருக்க வேண்டிய ஆட்டத்தை, ஓடுபாதையும் கால்பந்தும் உள்ள அதே திடலில் திணித்தால் மூன்றும் கெடும். கிரிக்கெட் ஆர்வலர்களின் ஆதரவு எளிதில் கிடைக்கும், அவர்களின் எண்ணிக்கையும் பெரிது; ஆனாலும் இந்த மனுவில் அவர்களுக்கு வலைப் பயிற்சிக் கூடம் மட்டும் கேட்டு நிறுத்திக்கொள்வதே என் பரிந்துரை.

பரப்பு சரியாக இருந்தும் வடிவம் சரியில்லாமல் போவது அடிக்கடி நடக்கும். இதைக் கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று இருக்கிறது. நில அளவைப் புல வரைபடம் 1:2000 அளவில் இருந்தால், கெட்டி அட்டையில் 8.9 செ.மீ. நீளமும் 4.7 செ.மீ. அகலமும் உள்ள துண்டு ஒன்றை வெட்டிக்கொள்ளுங்கள். 1:1000 அளவென்றால் இரு மடங்கு. அந்த அட்டையை வரைபடத்தின் மீது வைத்து, அதன் நீளவாட்டம் வடக்கு தெற்காக அமையுமாறு நகர்த்திப் பாருங்கள். சாயும் சூரியன் ஆட்டக்காரரின் கண்ணில் அடிக்காமல் இருக்க, திடலின் நீளம் ஏறத்தாழ வடக்கு தெற்காக இருப்பது பொதுவான நெறி. அட்டை புலத்துக்குள் முழுமையாக அமரவில்லை என்றால், அந்த இடம் 12 ஏக்கராக இருந்தாலும் 400 மீட்டர் ஓடுபாதைக்கு ஆகாது. சிறு அரங்கத்துக்கு வேண்டுமானால் ஆகலாம். சட்டமன்றத் தொகுதிக்கு ஒன்றாக, தலா 3 கோடி ரூபாயில் முதலமைச்சர் சிறு விளையாட்டரங்கம் அமைக்கும் திட்டத்தைத் தமிழ்நாடு அரசு அறிவித்திருக்கிறது. உங்கள் இடம் சிறியது என்றால் அந்தத் திட்டத்தின் அளவுக்கு ஏற்பக் கோரிக்கையைச் சுருக்கிக்கொள்வது புத்திசாலித்தனம்.

பதிவேடுகள் சொல்வதை முதலில் கேளுங்கள்

கண்ணுக்கு வெற்றிடமாகத் தெரியும் நிலம் பதிவேட்டில் வேறொன்றாக இருக்கும். கிராமப் பகுதியானால் 'அ' பதிவேட்டையும் புல வரைபடத்தையும், நகரப் பகுதியானால் நகர நில அளவைப் பதிவேட்டையும் எடுத்துப் பாருங்கள்; இவற்றை அரசின் இணைய சேவையிலேயே பார்க்கலாம், கிராம நிர்வாக அலுவலரிடமும் சரிபார்த்துக்கொள்ளலாம். 'அ' பதிவேட்டில் நிலத்தின் வகை எழுதப்பட்டிருக்கும் கட்டத்தோடு குறிப்புக் கட்டத்தையும் தவறாமல் படிக்க வேண்டும். ஓடை, வண்டிப்பாதை, மயானம், களம் என்று ஒரே சொல்லில் அங்கே எழுதியிருப்பது பிற்பாடு உங்கள் முழுத் திட்டத்தையும் நிறுத்திவிடக் கூடியது.

அரசு தரிசு என்று இருந்தால் நல்லது; ஒரு துறையிடமிருந்து இன்னொரு துறைக்கு நிலத்தை ஒப்படைக்கும் நில மாற்றத்துக்கு அதுவே எளிய வகை. மேய்க்கால் புறம்போக்கு என்றால் அதற்கு ஈடாக மாற்று நிலம் எங்கே என்ற கேள்வி வரும். பொது உபயோக நிலங்களைப் பாதுகாக்க வேண்டும் என்று 2011-இல் உச்ச நீதிமன்றம் ஜக்பால் சிங் வழக்கில் சொன்னதை அதிகாரிகள் நினைவில் வைத்திருக்கிறார்கள். ஏரி, குளம், வாய்க்கால் என்று வகைப்படுத்தப்பட்ட நிலத்தை, அது எத்தனை ஆண்டுகளாக வறண்டு கிடந்தாலும், தொடவே கூடாது. நீர்நிலையில் கட்டப்பட்ட விளையாட்டரங்கத்தை ஒரு பொதுநல வழக்கு முடக்கிப் போட்டுவிடும், அப்படி முடங்குவது நியாயமும் கூட. ஒடுக்கப்பட்ட மக்களுக்கென்று 1892-ஆம் ஆண்டு ஆணையின் அடிப்படையில் ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலமா என்பதையும் பாருங்கள். அப்படியென்றால் பேச்சுக்கே இடமில்லை. கோயில் நிலம் என்றால் 1959-ஆம் ஆண்டு இந்து சமய அறநிலையச் சட்டத்தின்படி ஆணையரின் ஒப்புதல் வேண்டும். தனியார் நிலத்தை எடுப்பதென்றால் 2013-ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டத்தின் முழு நடைமுறையையும் கடக்க வேண்டும். ஒரு மக்கள் குழு அந்த வழியைத் தொடாமல் இருப்பது நல்லது.

பதிவேட்டில் அரசு நிலமாகவும் தரையில் யாரோ பயிர் செய்வதாகவும் இருப்பது பொதுவான நிலைமை. அவர்களுக்கு 'பி மெமோ' (அரசு நில ஆக்கிரமிப்புக்கு வருவாய்த் துறை தரும் குறிப்பாணை) போடப்பட்டிருக்கிறதா, எத்தனை ஆண்டுகளாக அனுபவத்தில் இருக்கிறார்கள் என்பதைத் தெரிந்துகொண்டு பிறகுதான் அந்தப் புல எண்ணைப் பற்றி வெளியில் பேச வேண்டும். அப்படியே, புலத்தின் குறுக்கே உயரழுத்த மின்கம்பி போகிறதா என்றும் பாருங்கள். வரைபடத்தில் அது இருக்காது.

வெள்ளம்: கடலூரில் மற்ற எல்லாவற்றுக்கும் முந்திய கேள்வி

வேறு ஊர்களில் இதற்கு ஒரு பத்தி போதும். வடக்கே தென்பெண்ணை, நகரின் நடுவே கெடிலம், தெற்கே பரவனாறும் உப்பனாறும் என்று ஆறுகள் கடலில் கலக்கும் வாயிலில் அமர்ந்திருக்கும் கடலூரில் அப்படி முடியாது. 2004 டிசம்பர் 26-இன் ஆழிப்பேரலை, 2011 டிசம்பர் 30-இல் கரை கடந்த தானே புயல், 2015-இன் நவம்பர், டிசம்பர் மழை, 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்த ஃபெஞ்சல் புயல் ஆகிய நான்கும் இந்த வட்டாரத்தில் அரசு அலுவலகங்கள் முதல் மீனவக் குப்பங்கள் வரை எல்லோருக்கும் நினைவில் இருப்பவை. ஃபெஞ்சலின்போது கடலூர் நகரில் பெய்த மழையைவிட, சாத்தனூர் அணையிலிருந்து திறக்கப்பட்ட நீர் தென்பெண்ணையில் இறங்கி வந்ததே கரையோரக் குடியிருப்புகளை மூழ்கடித்தது. இங்கே மழை நின்ற பிறகும் வெள்ளம் வரும் என்பதுதான் அதன் பொருள். ஒரு இடத்தை மழை நாளில் மட்டும் போய்ப் பார்ப்பது போதாது.

தெரிவு செய்த ஒவ்வொரு இடத்துக்கும் அருகில் குடியிருப்பவர்களிடம், இந்த நான்கு நிகழ்வுகளிலும் தண்ணீர் எதுவரை வந்தது, எத்தனை நாள் நின்றது என்று கேளுங்கள். வாயால் சொல்வதோடு விடாமல், சுவரில் காட்டச் சொல்லி, தரையிலிருந்து அந்தக் கோடு வரை அளந்து, புகைப்படம் எடுத்து, இடத்தின் பெயரோடு எழுதி வையுங்கள். பிறகு, கொத்தனார்கள் மட்டம் பார்க்கப் பயன்படுத்தும் தண்ணீர் நிரப்பிய ஒளிபுகும் குழாயை வைத்து, அருகில் உள்ள தார்ச்சாலையைவிட உங்கள் நிலம் எத்தனை அடி தாழ்ந்தோ உயர்ந்தோ இருக்கிறது என்று பல புள்ளிகளில் பாருங்கள். இந்த இரண்டு அளவுகளும் சேர்ந்தால், பொறியாளர் வருவதற்கு முன்பே இடத்தின் குணம் தெரிந்துவிடும்.

தாழ்ந்த நிலத்தை மண்ணடித்து உயர்த்திக்கொள்ளலாம் என்று சொல்பவர்கள் எப்போதும் இருப்பார்கள். அவர்களிடம் கணக்கைக் காட்டுங்கள். 5 ஏக்கர் என்பது 2,17,800 சதுர அடி. அதை மூன்றடி உயர்த்த 6,53,400 கன அடி மண் வேண்டும்; நூறு கன அடி ஒரு யூனிட் என்ற கணக்கில் 6,534 யூனிட். மூன்று யூனிட் ஏற்றும் டிப்பரில் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட நடைகள் ஆகும், இறுக்கும்போது மண் அமுங்குவதைக் கணக்கில் சேர்க்காமலே. இவ்வளவு மண்ணும் இன்னொரு கிராமத்தின் நிலத்தைத் தோண்டித்தான் வர வேண்டும். அதோடு, வெள்ளம் பரவி வடியும் இடத்தை நீங்கள் மேடாக்கினால் அந்தத் தண்ணீர் அக்கம் பக்கத்து வீடுகளுக்குப் போகும். அடுத்த மழையில் உங்கள் அரங்கத்தைச் சபிக்கும் முதல் குரல் அங்கிருந்து வரும்.

இதை வைத்துப் பார்க்கும்போது கடலூரைச் சுற்றிய நிலங்களை நான்கு விதமாகப் பிரித்து யோசிக்கலாம். ஆற்றங்கரை வண்டல் நிலங்கள் நகரத்துக்கு அருகிலும் சமமாகவும் இருப்பதால் எல்லோருடைய கண்ணும் முதலில் அங்கே போகும். மேலே சொன்ன காரணத்தால் என் பட்டியலில் அவை கடைசியில் நிற்கின்றன. கடற்கரையோர நிலங்களுக்குக் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல விதிகள் பொருந்தும். 2019 அறிவிக்கையின்படி உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை அந்த மண்டலத்தில் அடங்கும் என்பதோடு, கடல்நீர் ஏறி இறங்கும் ஆற்று முகங்களின் கரைகளும் அதில் வரும். கெடிலத்தின் கரையும் உப்பனாற்றின் கரையும் கடலிலிருந்து தள்ளி இருக்கின்றன என்று நினைத்து ஏமாந்துவிடக் கூடாது. உப்புக்காற்றில் மின்விளக்குக் கோபுரங்களும் கம்பி வேலியும் துருப்பிடிக்கும் வேகத்தைத் தேவனாம்பட்டினத்தில் எந்த வீட்டு ஜன்னல் கம்பியைப் பார்த்தாலும் அறியலாம். தெற்கே சிப்காட், குடிகாடு பக்கம் சாலை வசதி நன்றாக இருக்கிறது. ஆனால் ஓடும் பிள்ளை உட்கார்ந்திருக்கும் பிள்ளையைவிடப் பல மடங்கு காற்றை உள்ளிழுக்கிறது. ரசாயனத் தொழிற்சாலைகளுக்கு அருகே இடம் பார்ப்பவர்கள் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் காற்றுத் தர அளவீடுகளைக் கேட்டுப் பெறாமல் ஓரடி கூட நகரக் கூடாது.

மீதமிருப்பது மேற்கிலும் தென்மேற்கிலும் உள்ள கேப்பர் மலைப் பக்கத்துச் செம்மண் மேட்டு நிலம். மலை என்று பெயரே தவிர, உயர்ந்த மேடுதான். மத்தியச் சிறை இருக்கும் பகுதி. வெள்ளம் ஏறாது, தண்ணீர் விரைவாக வடியும், அடித்தளத்துக்கு உறுதியான மண். குறைகளும் உண்டு. மழைநீர் அரித்த ஓடைகள் குறுக்கே கிடக்கும், சமப்படுத்தும் செலவு ஏறும், செம்மண் தோண்டிய பள்ளங்கள் இருக்கலாம், நகரத்திலிருந்து ஏற்றத்தில் மிதிவண்டி மிதிக்க வேண்டும். இந்தக் குறைகளை மனுவில் நீங்களே எழுதுங்கள். கடலூரில் வெள்ளத்துக்கு விடை இல்லை, தூரத்துக்குப் பேருந்து என்ற விடை இருக்கிறது. என் தீர்மானம் அந்த வேறுபாட்டில்தான் நிற்கிறது.

தண்ணீர் வேண்டும் என்பதையும் மறக்க வேண்டாம். 105-க்கு 68 மீட்டர் புல்தரைக்கு நாளொன்றுக்கு 5 மில்லிமீட்டர் நீர் பாய்ச்சினால் 35,700 லிட்டர் ஆகும். 12,000 லிட்டர் லாரி மூன்று. மேட்டு நிலத்தில் ஆழ்துளைக் கிணற்றின் நிலை என்ன, சுத்திகரித்த கழிவுநீரைக் கொண்டுவர வழியுண்டா என்று விசாரித்து ஒரு பத்தி எழுதுங்கள்.

போக்குவரத்து

மாலை ஏழு மணிக்குப் பயிற்சி முடித்து ஒரு பெண் பிள்ளை வீடு திரும்பும் வழியைக் கற்பனை செய்யுங்கள். அந்த வழி பாதுகாப்பாக இருந்தால் மற்றவர்களுக்கும் இருக்கும். திருப்பாதிரிப்புலியூர் பேருந்து நிலையத்திலிருந்தும் முதுநகரிலிருந்தும் அந்த இடத்துக்கு எந்த நகரப் பேருந்துகள் போகின்றன, கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு, நிறுத்தத்திலிருந்து வாயிலுக்கு எவ்வளவு தூரம், தெருவிளக்கு உண்டா என்று எழுதுங்கள். சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்பதால், அத்தகைய பேருந்து போகும் சாலையில் இடம் இருப்பது ஒரு வலுவான வாதம். புறவழிச்சாலையை ஒட்டிய இடம் வரைபடத்தில் அழகாக இருக்கும். சாலையைக் கடக்கும் வழி இல்லையென்றால் அது ஆபத்து.

எதிர்ப்பவர்களிடம் முதலில் போங்கள்

அந்த நிலத்தில் ஆடு மாடு மேய்ப்பவர்கள், களத்தில் பயிர் உலர்த்துபவர்கள், மயானத்துக்குப் பாதையாகப் பயன்படுத்துபவர்கள், கடலோரமாக இருந்தால் வலை காயவைத்துப் படகு ஏற்றி வைப்பவர்கள் ஆகியோர் எவரும் உங்கள் சங்கத்தில் இருக்க மாட்டார்கள். செய்தித்தாளில் பார்த்து அவர்கள் தெரிந்துகொள்ளும் நிலை வரக் கூடாது. ஊர்ப் பெரியவர்களையும், மீனவக் கிராமமானால் பஞ்சாயத்தாரையும், மேய்ப்பவர்களைத் தனியாகவும் சந்தித்து, வரைபடத்தை விரித்துக் காட்டி, எந்தப் பாதையை விட்டுவிடுவீர்கள், எந்தப் பக்கம் வேலி வரும் என்று சொல்லுங்கள். பாதைக்கு ஓரமாக இருபது அடி விட்டால் பாதி எதிர்ப்பு கரையும். மீதிப் பாதியில் நியாயம் இருந்தால், இடத்தை மாற்றிக்கொள்வதே குறைந்த செலவு.

கிராம ஊராட்சியானால் கிராம சபையில் தீர்மானம் பெறுங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கூடும் சபைக்கு முன்பே பொருளைக் கொடுத்துவிட வேண்டும். மாநகராட்சி எல்லைக்குள் என்றால் வார்டு உறுப்பினர் வழியாகப் பகுதி சபையிலும் மன்றத்திலும் வைக்கச் செய்யலாம். தீர்மானத்தில் புல எண்ணும் பரப்பும் இருக்கிறதா என்று படித்துப் பாருங்கள்.

பழைய அரங்கத்தைப் பற்றிய அச்சம் வேறு வகை. புதியது வந்தால் அண்ணா விளையாட்டரங்கத்தை வேறு கட்டடத்துக்கு எடுத்துக்கொள்வார்களோ என்று நகருக்குள் இருப்பவர்கள் கேட்பது இயல்பு. உங்கள் கோரிக்கை கூடுதல் அரங்கத்துக்கானது, மாற்று அரங்கத்துக்கானதன்று என்று மனுவின் முதல் பக்கத்திலேயே ஒரு வரி இருக்கட்டும்.

மனுவை எழுதும் முறை

மனு இரண்டு பக்கத்துக்கு மேல் போகக் கூடாது, மற்றவை இணைப்புகள். விளையாட்டின் பெருமை குறித்த முன்னுரை வேண்டாம். கேட்பதைச் சிறிதாகக் கேளுங்கள். அரங்கம் கட்டித் தாருங்கள் என்று மாவட்ட ஆட்சியரிடம் கேட்டால், அது அவர் கையில் மட்டும் இல்லாததால், "உரிய துறைக்கு அனுப்பப்பட்டது" என்ற பதில் வரும். கூட்டுப் புலத்தணிக்கைக்கு உத்தரவிடுங்கள் என்று கேட்டால், அது அவரால் அன்றே செய்யக்கூடியது. மனுவின் மையப் பத்தி இப்படி அமையலாம்:

"கடலூர் வட்டம், ______ கிராமம், புல எண் ______-இல் ______ ஹெக்டேர் ______ ஏர் பரப்புள்ள, அரசு தரிசு என வகைப்படுத்தப்பட்ட நிலத்தைப் பொது விளையாட்டரங்கம் அமைக்கும் பொருட்டுத் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்துக்கு நில மாற்றம் செய்வதற்கான முன்மொழிவைத் தயாரிக்க ஏதுவாக, வட்டாட்சியரும் மாவட்ட விளையாட்டு மற்றும் இளைஞர் நலன் அலுவலரும் கூட்டுப் புலத்தணிக்கை மேற்கொள்ள உத்தரவிடுமாறு கேட்டுக்கொள்கிறோம். மேற்படி நிலம் நீர்நிலை, மேய்க்கால், பஞ்சமி வகைகளில் அடங்காது என்பதற்கு 'அ' பதிவேட்டின் நகலும், 2015, 2024 ஆகிய ஆண்டுகளின் வெள்ளத்தில் மூழ்கவில்லை என்பதற்கு உள்ளூர் அளவீடுகளும் இணைக்கப்பட்டுள்ளன."

உண்மையிலேயே அப்படி இருந்தால் மட்டும் இரண்டாம் வாக்கியத்தை எழுதுங்கள். அதற்கடுத்த பத்தியில் நீங்கள் பார்த்துவிட்டு விலக்கிய இரண்டு இடங்களின் புல எண்களையும், ஒவ்வொன்றையும் விலக்கிய காரணத்தையும் ஓரிரு வரிகளில் தாருங்கள். ஒரே இடத்தை மட்டும் கேட்கும் மனுவுக்குப் பின்னால் யாருடைய மனை வணிகம் இருக்கிறது என்று சந்தேகிப்பவர்கள் உண்டு. விலக்கிய இடங்களின் பட்டியல் அந்தச் சந்தேகத்துக்கு விடை. உங்கள் குழுவில் யாருக்காவது அந்த நிலத்தின் அருகே சொத்து இருந்தால் அதையும் முன்கூட்டியே எழுதிவிடுங்கள்.

பராமரிப்புக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள். புல் வெட்டுவது, இரவுக் காவல், கழிவறைத் துப்புரவு, மின்கட்டணம் ஆகியவற்றுக்கு ஆண்டுக்கு ஆகும் செலவை இப்போதைய அரங்கத்தின் கணக்கிலிருந்து தகவல் உரிமைச் சட்டத்தின் வழியே பெற்று, அதை ஒட்டி மதிப்பிடலாம். செயற்கை ஓடுபாதை கேட்பவர்கள், பத்தாண்டு அளவில் அதை மீண்டும் இட வேண்டிய செலவு வரும் என்பதையும் சொல்ல வேண்டும். முதல் கட்டமாக மண் ஓடுபாதையும் நல்ல வடிகாலும் போதும் என்று கேட்பது பலருக்கு ஏமாற்றமாக இருக்கும், ஆனால் நிலம் கைக்கு வருவதை அது எளிதாக்கும். சட்டமன்ற உறுப்பினரின் தொகுதி மேம்பாட்டு நிதி ஆண்டுக்கு 3 கோடி, நாடாளுமன்ற உறுப்பினருடையது 5 கோடி. சுற்றுச்சுவர், விளக்கு, கழிவறை போன்ற தனித்தனிப் பணிகளுக்கு இவற்றை அணுகலாம் என்று கட்டம் பிரித்துக் காட்டுங்கள்.

கொடுத்த பிறகு

திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்தில் மனுவைக் கொடுத்து ஏற்புச் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அதே நாளில் நகல்கள் மாவட்ட விளையாட்டு அலுவலகத்துக்கும், வட்டாட்சியருக்கும், மாநகராட்சி ஆணையருக்கோ ஊராட்சி ஒன்றியத்துக்கோ, சட்டமன்ற உறுப்பினருக்கும் போய்ச் சேர வேண்டும். கட்சி வேறுபாடு பாராமல் எல்லோரிடமும் கொடுங்கள். ஒரு கட்சியின் கோரிக்கையாகிவிட்டால் ஆட்சி மாறும்போது கோப்பும் தூங்கும். துறையின் மானியக் கோரிக்கை சட்டமன்றத்துக்கு வருவதற்குச் சில மாதங்கள் முன்பே முன்மொழிவு சென்னைக்குப் போயிருந்தால்தான் அந்த ஆண்டின் அறிவிப்புகளில் இடம் பெற வாய்ப்பு இருக்கும்.

கோப்பு கிராம நிர்வாக அலுவலரின் அறிக்கையில் தொடங்கி, வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர், கோட்டாட்சியர், மாவட்ட வருவாய் அலுவலர், ஆட்சியர் என்று ஏறி, தேவைப்பட்டால் நில நிர்வாக ஆணையர் வரையும் அரசாணை வரையும் போகும். எந்தப் படியில் நிற்கிறது என்று தெரியாமல் எல்லோரையும் பார்ப்பது வீண். நேரில் கேட்டும் தெரியவில்லை என்றால் 10 ரூபாய்க் கட்டணத்தில் தகவல் உரிமை மனு போடுங்கள்; 30 நாட்களில் பதில் தர வேண்டும். "ஏன் தாமதம்" என்று கேட்காமல், "இன்ன தேதியிட்ட மனுவின் மீது இதுவரை எடுக்கப்பட்ட நடவடிக்கைகளின் நகல்களையும், கோப்பு தற்போது உள்ள பிரிவின் பெயரையும் தருக" என்று கேளுங்கள். விளக்கம் கேட்டால் மறுக்க வழி உண்டு. ஆவணத்தின் நகலைக் கேட்டால் மறுப்பது கடினம்.

புலத்தணிக்கை நாளில் உங்கள் குழுவில் இரண்டு மூன்று பேர் மட்டும் போங்கள். அட்டைத் துண்டு, வெள்ள அளவுகள் குறித்த தாள், பேருந்து நேரம் மூன்றும் கையில் இருக்கட்டும். அதிகாரி கேட்பதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள். நிலத்தின் தாழ்ந்த மூலையை அவர் தானாகக் கண்டுபிடிப்பதற்கு முன்பு நீங்களே அழைத்துப் போய்க் காட்டிவிடுங்கள்.

நில மாற்ற ஆணை வந்துவிட்டால் கூட்டம் போட்டு வாழ்த்துச் சொல்வதற்கு முன், நில அளவரை வைத்து எல்லைக் கற்களை நடச் செய்யுங்கள். பெயர்ப் பலகை வைத்து, முதல் ஒதுக்கீட்டில் வேலி போடக் கேளுங்கள். சில மாதங்கள் கழித்து 'அ' பதிவேட்டின் புதிய நகலை எடுத்து, அந்தப் புல எண்ணுக்கு எதிரே விளையாட்டரங்கம் என்று மாறுதல் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். பதிவாகவில்லை என்றால் ஆணையின் நகலை இணைத்து வட்டாட்சியருக்கு மறுபடி எழுதுங்கள்.